பூம்புகார் கடற்கரையில் டென்ட் போடலாமா? கோடியக்கரை முதல் குருசடைத் தீவு வரை… எங்கே போகலாம், எங்கே தங்கலாம்? முழு விளக்கம்

லீவு விட்டாச்சுன்னா பைக்கில் ஒரு டென்ட்டைக் கட்டிக்கொண்டு கடலோரமாகக் கிளம்பிவிடும் இளைஞர்கள் இப்போது அதிகம். தீவில் கூடாரம், பக்கத்தில் கேம்ப்ஃபயர், விடியும்போது சூரிய உதயம் என்று போனில் ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி: "நம்ம ஊர்ல இப்படி எங்க தங்கலாம்?"

டெல்டா மக்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் இருக்கிறது. வடக்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு, தெற்கே கோடியக்கரை சரணாலயம், அதையும் தாண்டிப் போனால் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. எல்லாமே ஒன்றிரண்டு நாள் பயணத்தில் அடங்கும். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் சட்டம் வேறு, அனுமதி வேறு, ஆபத்தும் வேறு. தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால் அபராதத்தோடு முடியாமல் வழக்கு வரைக்கும் போகலாம். கடல் விஷயத்தில் உயிருக்கே ஆபத்து.

சுருக்கமா சொல்லுங்க, எங்கே என்ன நிலை?

• பூம்புகார்: சரணாலயமோ தேசியப் பூங்காவோ கிடையாது. பகலில் யார் வேண்டுமானாலும் போகலாம். கூடாரம் போடுவதற்கென்று ஒதுக்கிய இடம் இல்லை.

• பிச்சாவரம்: பகலில் படகு சவாரி மட்டும். காட்டுக்குள் இரவு தங்க முடியாது.

• கோடியக்கரை: சரணாலயத்துக்குள் பகல் நேர அனுமதி. தங்க வேண்டுமென்றால் வனத்துறை விடுதி. டென்ட் கிடையாது.

• மன்னார் வளைகுடாத் தீவுகள்: பெரும்பாலான தீவுகளில் பொதுமக்கள் கால் வைக்கவே அனுமதி இல்லை. குருசடைத் தீவுக்கு மட்டும் வனத்துறை படகில் போய் வரலாம். இரவு தங்க முடியாது.

"அட, எல்லாத்துக்கும் 'நோ'வா?" என்று தோன்றும். ஏன் இந்தக் கட்டுப்பாடு, டென்ட் போட்டுத் தங்க உண்மையிலேயே எங்கே வழி இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேசியப் பூங்கா, சரணாலயம்… என்ன வித்தியாசம்?

இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வருபவை. சரணாலயத்தில் அங்கே ஏற்கெனவே வாழும் மக்களின் சில உரிமைகள் தொடர முடியும். உதாரணமாக, மேய்ச்சலை வனத்துறை முறைப்படுத்தி அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். அங்கே கால்நடை மேய்ச்சலுக்கு இடமே இல்லை.

பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவுகள் நான்குதான். பிரிவு 27: அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. விலங்குகளைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் இதே பிரிவில் தடை செய்யப்பட்டுள்ளன. பிரிவு 28: ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதிச் சீட்டு தரலாம். பிரிவு 30: சரணாலயத்துக்கு ஆபத்து வரும் விதத்தில் தீ மூட்டக் கூடாது. பிரிவு 31: அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழையக் கூடாது. இவை தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும்.

மீறினால்? 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்துக்குத் தீங்கு செய்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். கடல் ஆமை, ஆவுளியா, வெளிமான், பவளப்பாறை எல்லாமே இந்த முதல் அட்டவணையில்தான் வருகின்றன. "சும்மா ஞாபகத்துக்கு ஒரு துண்டு பவளம் எடுத்தேன்" என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

பூம்புகார்: சரணாலயமே இல்லையே, அப்புறம் என்ன பிரச்னை?

மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழி வட்டத்தில் இருக்கிறது பூம்புகார். மயிலாடுதுறையிலிருந்தும் சீர்காழியிலிருந்தும் பஸ் உண்டு. 1973-ல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம், கடலடி அகழாய்வில் கிடைத்த பொருட்களை வைத்திருக்கும் அருங்காட்சியகம், காவிரி கடலில் கலக்கும் சங்கமத்துறை என்று ஒரு பகல் முழுக்கப் பார்க்க விஷயம் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் அலைமோதும்.

ஆனால் இரவில் மணலில் படுத்துத் தூங்க இது ஏற்ற கடற்கரை இல்லை. காரணங்கள் மூன்று.

ஒன்று, கடலே. பழைய காவிரிப்பூம்பட்டினத்தின் ஒரு பகுதி இன்று கடலுக்குள் இருக்கிறது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் இங்கே கடலுக்கடியில் ஆய்வு நடத்திக் கட்டுமானங்களின் தடயங்களைக் கண்டது. கரையைத் தின்னும் கடல் இது. ஆறு கலக்கும் முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடம் இன்று ஆள் ஆழமாக இருக்கலாம். பகலிலேயே இங்கே ஆழத்தில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. இரவில் சொல்லவே வேண்டாம்.

இரண்டு, இது மீனவர்களின் வேலைத்தளம். பூம்புகார், வானகிரி, புதுக்குப்பம், திருமுல்லைவாசல் என்று வரிசையாக மீனவக் கிராமங்கள். படகு ஏற்றி இறக்குவது, வலை உலர்த்துவது, கருவாடு காயவைப்பது எல்லாம் இந்த மணலில்தான். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். அந்த வழியில் டென்ட் போட்டால் அவர்கள் பிழைப்புக்கு இடைஞ்சல். தவிர, கடலோரக் காவல் குழுமம் ரோந்து வரும் கரை இது. நள்ளிரவில் அடையாளம் தெரியாத கூடாரம் இருந்தால் எழுப்பி விசாரிக்கத்தான் செய்வார்கள்.

மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது: ஆமை.

ஆமைக்கும் டென்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆலிவ் ரிட்லி எனப்படும் சிற்றாமைகள் தமிழகக் கடற்கரைக்கு முட்டையிட வரும் காலம் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை. நாகை, மயிலாடுதுறை மாவட்டக் கரைகள் இவற்றுக்கு முக்கியமான இடம். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சீர்காழி பக்கம் கூழையாரிலும் அப்படியொரு பொரிப்பகம் உண்டு.

தாய் ஆமை இரவில்தான் கரையேறும். மணலைத் தோண்டி சுமார் 100 முட்டைகள் இட்டு, மூடிவிட்டுத் திரும்பும். ஆள் நடமாட்டமோ வெளிச்சமோ தெரிந்தால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். வந்ததும் அவை தேடுவது வெளிச்சமான திசையை. இருட்டுக் கரையில் அது கடலின் பக்கம். நட்சத்திரமும் நிலாவும் தண்ணீரில் பட்டு மின்னும். ஆனால் கரையில் ஒரு எல்.இ.டி விளக்கோ, கேம்ப்ஃபயரோ எரிந்தால் குஞ்சுகள் அதை நோக்கி நடக்கும். நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும், இல்லையென்றால் வெயில் ஏறியதும் காய்ந்து சாகும்.

ஆமைகள் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கின்றன. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியது செய்தியானது. இழுவை மடிகளில் சிக்கி மூச்சுத் திணறி இறப்பதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. கடலில் தப்பி வந்த ஆமைக்குக் கரையாவது பாதுகாப்பாக இருக்க வேண்டாமா?

ஆமையைப் பார்க்க ஆசை என்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது. சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இந்தப் பணியில் இருக்கிறது. சீசனில் பொதுமக்களையும் இரவு நடைக்கு அழைத்துப் போகிறார்கள். டெல்டாவில் இருப்பவர்கள் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டால், குஞ்சுகளைக் கடலில் விடும் நாளைச் சொல்வார்கள். விடியற்காலையில் குழந்தைகளோடு போய் வரலாம்.

பிச்சாவரம்: காட்டுக்குள்ள படகு, ஆனா பகல்ல மட்டும்

பூம்புகாரிலிருந்து சீர்காழி, சிதம்பரம் வழியாக வடக்கே போனால் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேரில் அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் இருக்கின்றன. துடுப்புப் படகு எடுத்தால் குறுகலான கால்வாய்களுக்குள்ளும் போகலாம். மோட்டார் படகில் அது முடியாது. காலை சீக்கிரம் போனால் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு, பறவைகளும் அதிகம்.

இரவு ஏன் கூடாது? இங்கே நிலம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் சேறு. ஓதம் ஏறினால் தண்ணீருக்குள் போய்விடும். கூடாரம் அடிக்க உலர்ந்த தரையே இல்லை. தங்குவதென்றால் சிதம்பரம்தான் வசதி.

கோடியக்கரை: டெல்டாவின் சொந்தக் காடு

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கோடிக்கரை என்றதும் பூங்குழலியும் புதைசேறும் ஞாபகம் வரும். கல்கி எழுதியது கதை. ஆனால் சேறு கதை அல்ல. வேதாரண்யம் சதுப்புநிலத்தில் மேலே காய்ந்த உப்புத்தரை போலத் தெரியும் இடம் கால் வைத்ததும் உள்ளே வாங்கும். வண்டியை இறக்கவே கூடாது.

1967-ல் வெளிமான்களைக் காப்பதற்காக உருவான சரணாலயம் இது. பரப்பு 21 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சுற்றியுள்ள சதுப்புநிலத்தையும் சேர்த்து 385 சதுர கிலோமீட்டர் 2002-ல் ராம்சார் தலமானது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் இதுதான். வெளிமான், புள்ளிமான், நரி, காட்டில் திரியும் மட்டக்குதிரை ஆகியவற்றோடு, அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வலசை வரும் பூநாரைகளையும் உள்ளான்களையும் பார்க்கலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்துவருகிறது.

பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஆனால் மதியம் போய் ஒன்றும் பார்க்க முடியாது. வெளிமான் காலையிலும் மாலையிலும்தான் வெளியே வரும். அதனால் முதல் நாள் போய்த் தங்கி, மறுநாள் அதிகாலையில் காட்டுக்குப் போவதுதான் சரியான திட்டம்.

தங்குவதற்கு வனத்துறையின் 'பூநாரை இல்லம்' இருக்கிறது. அறைகள் குறைவு என்பதால் முன்கூட்டியே வனத்துறையிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. நாலுவேதபதி, கோடியக்காடு பக்கம் "தோப்புல டென்ட் போட்டுக்கறோம்" என்று சிலர் கேட்பதுண்டு. தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு தங்குவது வேறு விஷயம். ஆனால் அந்தத் தோப்பு எங்கே முடிகிறது, சரணாலயம் எங்கே தொடங்குகிறது என்பதை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. கான்கிரீட் வீட்டில் இருந்தவர்களே பயந்துபோன இரவு அது. மரங்கள் சாய்ந்தன; மான்கள் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு இறந்தன. துணிக்கூடாரம் எந்த மூலைக்கு?

போகிற வழியில் மனோரா

கோடியக்கரையிலிருந்து மேற்கே திரும்பி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டக் கடலோரம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் வனத்துறை அனுமதியோடு படகில் போய் வரலாம். மல்லிப்பட்டினம் அருகே இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகக் கட்டியது.

மனோராவுக்கு எதிரே விரியும் கடலுக்குத்தான் இப்போது புதிய முக்கியத்துவம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு இங்கே 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 'பாக் விரிகுடா கடல்பசுப் பாதுகாப்பகம்' என்று அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய இது, கடல்பசுவுக்கான இந்தியாவின் முதல் பாதுகாப்பகம். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் இந்த விலங்கு கடற்புல்லை மட்டுமே மேய்ந்து வாழ்வது. ஒரு நாளைக்கு 40 கிலோ வரை தின்னும். இந்தியக் கடல் முழுவதும் சேர்த்து மிஞ்சியிருப்பது சில நூறுதான்.

வலையில் தெரியாமல் சிக்கும் ஆவுளியாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ஊக்கத்தொகையும் தருகிறது. மீனவர்களை வெளியேற்றி அமைத்த காப்பகம் இல்லை இது; அவர்களை நம்பி அமைத்தது. 'தேசியப் பூங்கா' என்று அறிவிக்காமல் 'பாதுகாப்பகம்' என்று அறிவித்ததன் அர்த்தமும் அதுதான்.

மன்னார் வளைகுடா: 21 தீவு, ஏன் ஒண்ணுலயும் தங்க விடல?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ராமேஸ்வரம் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு தொகுதிகளாக 21 குட்டித் தீவுகள். 1986-ல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல் தேசியப் பூங்காவானது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளத்தில் மட்டும் 117 வகைகள் இங்கே பதிவாகியுள்ளன.

முசல் தீவு, மனோலி, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என்று பெயர்களைக் கேட்டாலே போகத் தோன்றும். ஆனால் 21 தீவுகளில் இன்று கண்ணுக்குத் தெரிபவை 19 மட்டுமே. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன.

எப்படி? பவளப்பாறைகள்தான் இந்தத் தீவுகளுக்குத் தடுப்புச்சுவர். அலையின் வேகத்தை அவை உடைத்தால்தான் பின்னால் இருக்கும் மணல் தங்கும். பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் அந்தப் பவளத்தையே வெட்டி எடுத்தோம். 2001-ல் பவளம் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெட்டுவது நின்றது. அதற்குள் சுவர் பலவீனமாகிவிட்டது. கடல் சூடாகும்போது பவளம் வெளுத்துப்போவதும் சேர்ந்துகொண்டது. 2010, 2016 கோடைகளில் பெரிய பாதிப்பு. தூத்துக்குடி அருகே சுருங்கிக்கொண்டே வந்த வான் தீவைக் காப்பாற்ற, 2015 முதல் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். பக்கத்தில் உள்ள கரியசல்லித் தீவும் அதேபோல் ஆபத்தில்தான் இருக்கிறது.

இப்போது கேள்வியை மறுபடி பாருங்கள். சில ஏக்கர் மணல், குடிதண்ணீர் இல்லாத இடம், கழிப்பறை கிடையாது, சுற்றிலும் மிதித்தால் உடையும் பவளம். அங்கே வாரம் 50 பேர் டென்ட் போட்டால் குப்பையும் கழிவும் எங்கே போகும்? நங்கூரம் போடும் ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகளாக வளர்ந்த பவளம் நொறுங்கும். தீவில் தங்கத் தடை இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். தீவே மிஞ்சுமா என்பதுதான் இங்கே கேள்வி.

அப்போ எதைப் பார்க்கலாம்?

• குருசடைத் தீவு: பாம்பன் அருகே குந்துகால் கரையிலிருந்து வனத்துறை ஏற்பாடு செய்யும் படகில் போய், தீவில் நடந்து பார்த்துத் திரும்பலாம். 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரைதான் குந்துகால்.

• ஏர்வாடி: கண்ணாடி அடித்தளப் படகில் பவளத்தைப் பார்க்கலாம். தண்ணீர் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போவது முக்கியம்.

• காரங்காடு: ராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் விரிகுடாப் பக்கம். அலையாத்திக் காட்டுப் படகு சவாரி. ஊர் மக்களையே சேர்த்து வனத்துறை நடத்துகிறது. மீனவப் பெண்கள் சமைத்த கடல் உணவும் கிடைக்கும்.

காற்று பலமாக இருந்தால் படகு ரத்தாகும். டிக்கெட் விலை, நேரம் அடிக்கடி மாறுவதால் முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தடை யாரை அதிகம் பாதிக்கிறது?

டென்ட் போட முடியாதது நமக்கு ஒரு லீவு ஏமாற்றம். ஆனால் தீவுகளைச் சுற்றியே பிழைத்தவர்களுக்கு அது வாழ்க்கை. மண்டபம், பாம்பன் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தீவு ஓரங்களில் மூழ்கிக் கடல்பாசி எடுத்த பெண்கள், தேசியப் பூங்கா வந்த பிறகு அபராதத்துக்கும் விரட்டலுக்கும் நடுவே தொழில் செய்ய வேண்டியதாயிற்று. "பாசி எடுக்கிற எங்களைத் தடுக்கிறீங்க, படகுல கூட்டத்தைக் கூட்டிட்டுப் போறீங்களே?" என்ற கேள்வி அந்தக் கரைகளில் எழுவது நியாயமே.

அதற்குப் பதில், சுற்றுலாவால் வரும் பணம் யாருக்குப் போகிறது என்பதில்தான் இருக்கிறது. காரங்காடு மாதிரி ஊர்க்காரர்களே படகு ஓட்டி, சமைத்து, வழிகாட்டிச் சம்பாதிக்கும் இடங்களில் காட்டைக் காப்பதில் அவர்களுக்கும் லாபம் இருக்கிறது. போகிறவர்கள் செய்யக்கூடியது எளிது: உள்ளூர்ப் படகு, உள்ளூர்ச் சாப்பாடு, உள்ளூர் வழிகாட்டி.

சரி, டென்ட் போட எங்கதான் போறது?

ஆசை விடவில்லை என்றால், கடலோர, தீவு தேசியப் பூங்காக்களில் முறையாகத் தங்க வழி இருக்கும் இடங்கள் சில உண்டு.

ஒடிசா, பித்தர்கணிகா: உப்புநீர் முதலைகளுக்குப் பேர்போன அலையாத்தி தேசியப் பூங்கா. வனத்துறையே இயற்கை முகாம்கள் நடத்துகிறது. முதலைகள் கூடு கட்டும் மே முதல் ஜூலை வரை மூடிவிடுவார்கள்.

அந்தமான், வண்டூர்: 1983-ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா. ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளை சீசனுக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். பகலில் மட்டும்தான் அனுமதி. ஒரு தீவுக்கு ஓய்வு கொடுத்து மற்றொன்றைத் திறப்பது நாமும் யோசிக்க வேண்டிய முறை. பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது.

இலங்கை, வில்பத்து: 1938 முதல் தேசியப் பூங்கா. மன்னார் பக்கம் கடல்வரை நீள்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்பதிவு செய்து, குறித்த முகாம் இடங்களில் தங்கலாம். சிறுத்தையும் யானையும் உலவும் காடு என்பதால் இரவில் இஷ்டத்துக்கு வெளியே நடக்க முடியாது. திருகோணமலை அருகே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்காவுக்குப் பகலில் போய் வரலாம்.

மலேசியா, பினாங்கு தேசியப் பூங்கா: 2003-ல் அமைந்த சிறிய பூங்கா. காட்டு வழியே நடந்து கெராச்சுட் கடற்கரைக்குப் போனால் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. அனுமதி பெற்று டென்ட் போடலாம். பினாங்கில் சொந்தபந்தம் இருக்கும் டெல்டா குடும்பங்களுக்கு இது வசதி.

தாய்லாந்து, சுரின் தீவுகள்: குறித்த கடற்கரைகளில் பூங்கா நிர்வாகமே டென்ட் வாடகைக்குத் தருகிறது. மழைக்காலத்தில், மே மத்தியிலிருந்து அக்டோபர் மத்தி வரை, பூங்காவே மூடல். ஆனால் பக்கத்தில் உள்ள சிமிலன் தீவுகளில் கூட்டம் தாங்காமல் 2018-ல் இரவுத் தங்கலையே நிறுத்திவிட்டார்கள். அதே நாட்டின் மாயா பே கடற்கரை, ஒரு சினிமாவால் பிரபலமாகி, பவளம் அழிந்து, 2018-ல் மூடப்பட்டது. 2022-ல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தது.

இந்த உதாரணங்களில் பொதுவாக ஒன்று தெரிகிறது. தங்க அனுமதிக்கும் இடங்களில் எண்ணிக்கை, இடம், காலம் மூன்றுக்கும் எல்லை இருக்கிறது. எல்லை இல்லாத இடம் கடைசியில் எல்லோருக்கும் மூடப்படுகிறது.

கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சீசன். ஜனவரி, பிப்ரவரிதான் டெல்டா கடலோரத்துக்கு நல்ல நேரம். மே மாத மதியத்தில் சதுப்புநிலத்தில் நிற்க முடியாது.

கடல் எச்சரிக்கை: ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அலை உயரம், 'கள்ளக்கடல்' எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கள்ளக்கடல் என்பது எங்கோ தொலைவில் தென்கடலில் வீசிய காற்றால் எழும் அலை, நம் கரையில் வானம் தெளிவாக இருக்கும்போதே திடீரென்று ஏறுவது. 2024 மே மாதம் அப்படியொரு எச்சரிக்கை இருந்த நேரத்தில், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எச்சரிக்கையைப் பாருங்கள்.

நீரோட்டம் இழுத்தால்: கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பின் கரைக்கு வாருங்கள். நீச்சல் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

சுனாமி: 2004 டிசம்பர் 26 காலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று எச்சரிக்கை மையம் இல்லை. 2007 முதல் இருக்கிறது. ஆனாலும் தரை நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் உடனே மேட்டுக்கு ஓடுங்கள்.

எண்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலோரக் காவல்படை 1554. போனில் சேமித்துக்கொள்ளுங்கள். படகில் லைஃப் ஜாக்கெட் தரவில்லை என்றால் ஏறாதீர்கள்.

பையில்: ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், தொப்பி, பைனாகுலர், கொசுவிரட்டி, அடையாள அட்டை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். டிரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் எடுக்கவே வேண்டாம்.

இரண்டு நாள் திட்டம் ஒன்று: முதல் நாள் காலை பூம்புகார், மதியம் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை, இரவு வேதாரண்யம் அல்லது கோடியக்கரை. மறுநாள் விடியற்காலை வெளிமான், பூநாரை. மாலைக்குள் மனோரா பார்த்துவிட்டுத் தஞ்சாவூர். டென்ட் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.

பூம்புகாரில் ஒரு பட்டினமே கடலுக்குள் போயிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் நம் காலத்திலேயே இரண்டு தீவுகள் போய்விட்டன. மிச்சமிருக்கும் 19 தீவுகளை அடுத்த தலைமுறையும் படகில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால், ஒரு ராத்திரி அங்கே தூங்காமல் திரும்புவது நாம் கொடுக்கும் சின்ன விலைதான்.